நேற்று வாங்கிய பாட்டில்

ஜனவரி 19, 2026, திங்கள்

பொங்கல் விடுமுறை முடிந்து மார்க்கெட் பழையபடி ஓடுகிறது. ஒட்டன்சத்திரத்தில் காய்கறி லாரி ஏறுகிற நாளெல்லாம் எங்கள் மருந்துக் கடையிலும் கூட்டம்தான். காய் கொண்டுவந்து போட்டவர்கள் காசு கைக்கு வந்ததும் மாதத்துக்கான மாத்திரையை வாங்கிக்கொண்டு ஊர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள்.

கள்ளிமந்தயம் பக்கத்திலிருந்து வரும் பெரியவர் இன்று ஓடவில்லை. கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்னங்க அப்பாரு, ஒரு மாதிரி நிக்கிறீங்க?" என்றேன். "எந்திரிச்சா தலை கிறுகிறுங்குது கண்ணு. வயசாச்சில்ல" என்றார்.

வயசு என்று சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. பெஞ்சில் உட்காரவைத்துப் பிரஷர் பார்த்தேன். 104/64. எழுந்து நிற்கச் சொல்லிப் பார்த்தால் மேல் அளவு 86-க்கு இறங்கிவிட்டது. வீட்டில் வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டேன். "இங்க வாங்குறது ஒண்ணுதானுங்க" என்றார். இந்தப் பதிலை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. யாரும் பொய் சொல்வதில்லை. கடையில் காசு கொடுத்து வாங்கியது மட்டும்தான் அவர்கள் கணக்கில் மாத்திரை. ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுத்தது, மகன் வாங்கி அனுப்பியது, பக்கத்து வீட்டில் கொடுத்துப் பார்க்கச் சொன்னது எதுவும் அந்தக் கணக்கில் வராது.

மஞ்சள் பையைத் திறக்கச் சொன்னேன். துணிக்கடை சீட்டுகளுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது. அதைக் கவுண்டரில் கொட்டிப் பிரித்து வைத்தோம். எங்களிடம் வாங்குவது டெல்மிசார்டானும் அம்லோடிபினும் சேர்ந்த ஒரே மாத்திரை. அதன் அட்டையில் கம்பெனி வைத்த பெயர்தான் பெரிதாக இருக்கும், உள்ளே இருக்கும் இரண்டு மருந்தின் பெயரும் பொடி எழுத்தில் இருக்கும். டப்பாவுக்குள் தனியாக அம்லோடிபின் 5 மில்லிகிராம் அட்டையும் இருந்தது. அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பணியாளர் வீட்டுக்கே வந்து கொடுத்தது. மூன்றாவதாகச் சிறுநீர் சரியாகப் போவதற்கு என்று திண்டுக்கல்லில் ஒரு டாக்டர் புதிதாக எழுதிக் கொடுத்த டாம்சுலோசின். அந்த மருந்துக்கும் எழுந்து நிற்கும்போது பிரஷரை இறக்கும் குணம் உண்டு. ஆக, ஒரே அம்லோடிபின் இரண்டு பெயரில் இரண்டு முறை உள்ளே போகிறது, அதற்கு மேல் இதுவும்.

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய அந்தத் திட்டம் எத்தனையோ குடும்பங்களுக்குப் பெரிய உதவி. அந்தப் பணியாளர் செய்ததில் தவறில்லை. இவர் தனியார் டாக்டரிடமும் போகிறார் என்பது அவருக்குத் தெரியாது. அவர் கொடுப்பது தனியார் டாக்டருக்குத் தெரியாது. மூன்று மருந்தும் ஒன்றுசேர்வது இந்த டப்பாவில்தான், அதைத் திறந்து பார்க்க ஆள் இல்லை.

எதையும் நிறுத்தவோ மாற்றவோ எனக்கு அதிகாரம் கிடையாது. டாக்டரைப் போனில் பிடித்து அளவுகளைச் சொன்னேன். தனி அம்லோடிபினை நிறுத்தச் சொன்னார். டாம்சுலோசினை இரவு சாப்பிட்ட பிறகு போட்டுக்கொண்டு படுக்கவும், ஒரு வாரத்தில் வந்து காட்டவும் சொன்னார். மூன்று பெயரையும் எது எதற்கு என்று பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி டப்பாவுக்குள் வைத்தேன்.

இன்னொன்று. அவர் வீட்டில் ஆத்தா எல்லா அட்டையையும் ஒவ்வொரு மாத்திரையாகக் கத்தரித்து வைத்திருக்கிறார். எடுக்க வசதி என்கிறார். ஆனால் கத்தரித்த துண்டில் மருந்தின் பெயரும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. பாதி அட்டை கொடுக்கும்போது தேதி அச்சிட்ட முனையை எங்களிடம் வைத்துக்கொள்ளாமல் வாங்குபவருக்கே போகும்படி வெட்ட வேண்டும் என்று கடைத் தம்பியிடம் மறுபடியும் சொன்னேன்.

ஜனவரி 21, புதன்

கை இன்னும் நடுங்குகிறது. எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

காலை பத்தரை மணிக்கு இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். "அக்கா, காய்ச்சல் சொட்டு மருந்து ஒரு பாட்டில்" என்று காலிப் பாட்டிலை நீட்டினாள். பாராசிட்டமால் டிராப்ஸ், 15 மில்லி பாட்டில். மூடி பளபளவென்று புதிதாக இருந்தது. எப்போது வாங்கியது என்று கேட்டேன். நேற்றுக் காலையில், அவர்கள் ஊரிலேயே ஒரு கடையில் என்றாள். நேற்று வாங்கிய பாட்டில் அதற்குள் தீர்ந்துவிட்டதா?

"எவ்வளவு சாமி ஊத்தின?" என்றேன். "டாக்டர் அஞ்சு மில்லின்னு எழுதியிருந்தாருக்கா. சொட்டுக் குழாய் ஒடைஞ்சு போச்சு, பழைய மருந்து மூடியில அளந்து குடுத்தேன். மூணு தடவை." சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். 5 மில்லி என்றுதான் இருந்தது. அவர் மனதில் வைத்து எழுதியது சிரப். சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் மருந்து. சொட்டு மருந்திலோ ஒரு மில்லிக்கே 100 மில்லிகிராம். 5 மில்லி ஊற்றினால் 500. பெரியவர்கள் போடுகிற ஒரு முழு மாத்திரை அது.

குழந்தையை எடை பார்த்தோம். 9 கிலோ. பாராசிட்டமால் குழந்தைகளுக்கு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை தரலாம். ஒரு நாள் முழுவதற்கும் சேர்த்தே கிலோவுக்கு 60-ஐத் தாண்டக் கூடாது. அந்தக் கணக்கில் இந்தக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 540. உள்ளே போயிருப்பது 1500. கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

குழந்தை சிரித்துக்கொண்டுதான் இருந்தது. அதுதான் பயம். பாராசிட்டமால் கல்லீரலைக் கெடுத்தால் முதல் நாளில் வெளியே எதுவும் தெரியாமல் இருக்கலாம், தெரியும்போது மாற்று மருந்து கொடுக்க வேண்டிய நேரம் தாண்டியிருக்கும். அந்தப் பெண்ணைப் பதறவைக்காமல் சொல்ல வேண்டியிருந்தது. "மருந்து கொஞ்சம் கூடிப்போச்சு. ரத்தம் எடுத்துப் பார்த்துட்டா நிம்மதி. இப்பவே போகணும், சாயங்காலம் இல்லை" என்றேன். அளவையும் நேரத்தையும் ஒரு சீட்டில் எழுதி, பாட்டிலையும் கையில் கொடுத்து, கடைத் தம்பியை வண்டியில் கூடவே அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அங்கிருந்து திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள் என்று மதியம் தெரிந்தது.

ஊர்க் கடையில் சீட்டைப் பார்த்துச் சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்தவர் மருந்தாளுநர்தானா, இல்லை எடுத்துக் கொடுக்க வைத்திருக்கும் பையனா, எனக்குத் தெரியாது. "எத்தனை மாசக் குழந்தை? எதில் அளந்து கொடுப்பீங்க?" என்று இரண்டு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

ஜனவரி 23, வெள்ளி

முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் புதிதாக எழுதப்பட்ட அம்மா ஒருவர். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போட வேண்டிய மருந்து. வீட்டில் மற்ற எல்லா மாத்திரையும் தினமும் போடுவது என்பதால் இதையும் தினமும் போட்டு, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. உலகம் முழுக்கத் திரும்பத் திரும்ப நடக்கும் பிழை இது. அதனால் இந்த அட்டையைக் கொடுக்கும்போது நான் அவசரப்படுவதில்லை.

"எந்தக் கிழமைன்னா உங்களுக்கு மறக்காது?" என்று கேட்டேன். "வெள்ளிக்கிழமை வெளக்குப் போடுவேன். அன்னைக்கின்னா மறக்க மாட்டேன்" என்றார். அட்டையின் முதுகில் மார்க்கரால் ‘வெள்ளி மட்டும்’ என்று எழுதி, நாலே நாலு வாரத்துக்கு மட்டும் கொடுத்தேன். கூட எழுதியிருக்கும் ஃபோலிக் ஆசிட் வேறு நாளில். இரண்டும் மஞ்சள் நிறம், கிட்டத்தட்ட ஒரே பருமன். அதனால் தனித்தனிக் கவரில் போட்டேன். திரும்பச் சொல்லச் சொன்னேன். இரண்டாம் முறை சரியாகச் சொன்னார். வாயில் புண், காய்ச்சல், மூச்சுத் திணறல் எது வந்தாலும் அடுத்த வெள்ளிவரை காத்திருக்காமல் டாக்டரிடம் போக வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்பினேன்.

ஜனவரி 25, ஞாயிறு

மதியத்துக்கு மேல் கடை ஓய்ந்தது. மாத வாடிக்கையாளர் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாட்டிலோடு சீக்கிரமே வந்தவளால் ஒரு விஷயம் தெரிந்தது. வர வேண்டிய நாளில் வராதவர்களாலும் அதே அளவு தெரியும். சுகர், பிரஷர், தைராய்டு, வலிப்பு, இதய மாத்திரை வாங்குபவர்கள் முப்பது நாளைக்கு வாங்கிப் போய் நாற்பது நாளாகியும் வரவில்லை என்றால் எங்கேயோ பிசகு. வேறு கடையில் வாங்கியிருக்கலாம், அது அவர்கள் விருப்பம். வாங்காமலே இருக்கலாம் என்பதுதான் கவலை.

அப்படி வராத ஒருவரைப் போனில் கூப்பிட்டேன். பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிட்டவர், தறி ஓட்டுபவர். மாத்திரையை விட்டு மூன்று வாரமாகிறதாம். கணுக்கால் இரண்டும் வீங்கியதால் விட்டிருக்கிறார். சிறுநீரகம் போய்விட்டது, மாத்திரைதான் காரணம் என்று டீக்கடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அம்லோடிபின் சிலருக்குக் காலை வீங்கவைக்கும், அது தெரிந்த பக்கவிளைவு. அதனால் சிறுநீரகம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் மாத்திரையை விட்ட பிரஷர் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். இதை அவரிடம் நிதானமாகச் சொன்னேன். நாளை டாக்டரிடம் வீக்கம் வந்ததைச் சொல்லி வேறு மாத்திரை கேட்கச் சொன்னேன். வேறு வகை மாத்திரைகள் எத்தனையோ இருக்கின்றன. "மாத்தித் தருவாங்களாக்கா? நான் கேட்டா திட்டுவாங்கன்னு விட்டுட்டேன்" என்றார். கேட்கத் தயங்கி விட்டுவிட்ட மருந்துகளின் கணக்கு யாரிடமும் இல்லை.

இன்னொருவர் ஹோட்டலில் மாவு அரைப்பவர். சுகர் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுகிறார். காரணம் பணம். "ரெண்டு மாசத்துக்கு வந்துரும்ல" என்றார். எழுதப்பட்டிருப்பது விலை கூடிய ஒரு கூட்டு மாத்திரை. இதே மருந்துகள் குறைந்த விலையில் கிடைக்க வழியுண்டா என்று டாக்டரிடம் அவர் சார்பில் கேட்டேன். தனித்தனியாக மருந்துப் பெயரிலேயே எழுதித் தந்தார். சீட்டைக் குறைந்த விலையில் மருந்து விற்கும் முதல்வர் மருந்தகத்துக்கு எடுத்துப் போகச் சொன்னேன். 2025 பிப்ரவரி 24-ல் 1,000 கடைகளோடு தொடங்கிய திட்டம் அது. மக்கள் மருந்தகமும் இருக்கிறது.

ராத்திரி கணக்குப் பார்க்கும்போது வீட்டுக்காரர், "இப்படியே அனுப்பிட்டிருந்தா கடை எப்படி நடக்கும்?" என்றார். நியாயமான கேள்விதான். வாடகை, கரண்ட், தம்பியின் சம்பளம் எல்லாம் அட்டை விற்ற காசில்தான் வருகிறது. கேட்டதற்கும் சொன்னதற்கும் தனியாக ஒரு ரூபாய் கிடையாது. ஆனாலும் ஒருவர் பாதி மாத்திரையோடு காலை இழக்கும் இடத்துக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு விலை கூடிய அட்டையை என்னால் நீட்ட முடியாது.

ஜனவரி 27, செவ்வாய்

பாதயாத்திரைக் கூட்டம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தைப்பூசம். திண்டுக்கல் சாலையில் விடிய விடிய அரோகரா சத்தம், பச்சையும் காவியுமாக ஆட்கள். இங்கிருந்து பழநிக்கு இன்னும் சுமார் 30 கிலோமீட்டர். இந்த ஒரு வாரம் கடையை ராத்திரி பன்னிரண்டு வரை திறந்து வைப்போம்.

எல்லோரும் கேட்பது வலி மாத்திரை. "ரெண்டு வேளைக்கு வலி மாத்திரை குடுங்க சாமி, சீக்கிரம் கேக்கற மாதிரி." டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகைகளை மாலை போட்டுக்கொண்டு நடப்பவருக்குக் கேட்டதும் கொடுப்பது சரியில்லை. சீட்டு வேண்டிய மருந்து என்பது ஒருபுறம். வெறும் வயிறு, தண்ணீர் குறைவு, வெயில், அதோடு பிரஷர் மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் அடி வாங்கும். முதலில் பிரஷர், சுகர், அல்சர், சிறுநீரகக் கோளாறு உண்டா என்று கேட்டேன். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் பாராசிட்டமால், காலுக்குத் தடவும் மருந்து, வழியெல்லாம் மோர் பந்தலில் மோர், தண்ணீர். பெரும்பாலானவர்கள் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டார்கள்.

இரவு எட்டரைக்கு ஒருவரை இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கரூர்ப் பக்கம். சட்டையெல்லாம் நனைந்திருந்தது, கை உதறியது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். "நடந்த களைப்பு, ஒரு சோடா குடிச்சா சரியாயிரும்" என்றார் கூட வந்தவர். விரலில் குத்திப் பார்த்தேன். 54. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்வுச் சர்க்கரை. விழுங்க முடிகிறதா என்று பார்த்துக்கொண்டு மூன்று ஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் 71. மறுபடி கொடுத்தோம், 98.

பேச்சு தெளிந்ததும் விசாரித்தேன். விரதம் என்று ஒரு வேளைதான் சாப்பாடு. ஆனால் சுகர் மாத்திரையை மட்டும் டாக்டர் சொன்னபடி காலையும் இரவும் தவறாமல் போட்டிருக்கிறார். கிளிமிபிரைடு சேர்ந்த மாத்திரை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது இன்சுலினைச் சுரக்கவைத்துக்கொண்டே இருக்கும். கூடவே ஒரு நாளைக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் நடை. மருந்தை ஒழுங்காகப் போட்டதால் விழுந்த மனிதர் அவர்.

அத்தோடு விட்டிருந்தால் தவறு. அந்த மாத்திரையின் வேலை பல மணி நேரம் நீடிக்கும், குளுக்கோஸ் தீர்ந்ததும் மறுபடி இறங்கும். அன்னதானப் பந்தலில் சோறு சாப்பிடவைத்தார்கள். பக்கத்தில் போட்டிருக்கும் மருத்துவ முகாமில் இரவு முழுக்கப் படுக்கவைத்துப் பார்க்க ஏற்பாடாயிற்று. அவருடைய டாக்டரிடம் அவர் மகனே போனில் பேசினார். யாத்திரை முடியும்வரை அந்த மாத்திரையை நிறுத்தி வைக்கவும், வேறொன்றை மட்டும் தொடரவும் சொன்னாராம். மாலை போடும் அன்றே கேட்டிருக்க வேண்டிய விஷயம். ரம்ஜான் நோன்புக்கும் இதேதான். சாமி காரியத்துக்கு இறங்கும் முன் சுகர் மருந்தின் நேரத்தையும் அளவையும் டாக்டரிடம் மாற்றி எழுதி வாங்கிக்கொண்டால் விரதமும் நிற்கும், உயிரும் நிற்கும்.

ஜனவரி 29, வியாழன்

"பேனா இன்சுலின் மருந்து ஒண்ணு, சிவப்பு மூடி ஊசி அஞ்சு" என்று ஒரு அம்மா கேட்டார். தம்பி இரண்டையும் எடுத்து வைத்துவிட்டான். பில் போடும் இடத்தில் நான் நிறுத்தினேன். இந்த இரண்டும் ஒன்றாக வாங்கப்படக் கூடாதவை.

பேனா போன வாரம் கீழே விழுந்து உடைந்துவிட்டது. புதுப் பேனாவுக்கு இப்போது காசில்லை. பழையபடி ஊசியில் உறிஞ்சிப் போட்டுக்கொள்ளலாம் என்று அவரே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். இன்னும் போடவில்லை, இன்று ராத்திரியிலிருந்துதான்.

நம் ஊரில் இன்சுலின் பாட்டில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். சிவப்பு மூடி ஊசி அதற்காகச் செய்தது. பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதை இந்த ஊசியில் எடுத்தால், 20-ம் கோடு வரை எடுத்த மருந்தில் உண்மையில் இருப்பது 50 யூனிட். ராத்திரி தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கி எழுந்திருக்காமல் போயிருக்கலாம். ஆரஞ்சு மூடி ஊசி 100 யூனிட்டுக்கானது. அதைத் தூக்கிக் கொடுத்துத் தீர்க்கிற விஷயமும் இல்லை. கார்ட்ரிட்ஜில் ஊசியை விட்டு உறிஞ்சுவதே சரியான முறை கிடையாது, மிச்ச மருந்துக்குள் காற்று போய் அடுத்த அளவு தப்பும்.

டாக்டரைக் கூப்பிட்டோம். பாட்டில் மருந்துக்கே மாற்றி எழுதித் தந்தார், சிவப்பு மூடி ஊசியோடு. கவுண்டரில் வைத்து வெறும் தண்ணீரில் 20-ம் கோடு வரை எடுத்துக் காட்டச் சொன்னேன். கண் சரியாகத் தெரியவில்லை, 24-ல் நிறுத்தினார். கண்ணாடி மாற்ற வேண்டும். அதுவரை மகள் எடுத்துக் கொடுப்பாள். வயிற்றில் எங்கே போடுகிறார் என்று தொட்டுக் காட்டச் சொன்னேன். தொப்புளுக்கு வலது பக்கம் ஒரே இடத்தில் போட்டுப் போட்டு எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி. அங்கே வலிக்காது என்பதால் அங்கேயே போடுகிறார். கட்டிக்குள் போகும் இன்சுலின் ரத்தத்தில் ஒழுங்காகச் சேராது. இடத்தை மாற்றினால் அதே அளவு கூடுதலாக வேலை செய்யும் என்பதால், மாற்றிய முதல் சில நாள் சர்க்கரையை அடிக்கடி பார்க்கச் சொல்லி அதையும் டாக்டர் காதில் போட்டுவைத்தேன்.

வீட்டில் பிரிட்ஜ் இல்லை. பிரிக்காத பாட்டிலைக் கடையிலேயே வைத்துக்கொள்கிறோம். பிரித்த பாட்டிலை மண்பானைத் தண்ணீருக்குள் நனையாமல் டப்பாவில் வைக்கலாம், நாலு வாரத்துக்கு மேல் வேண்டாம்.

இது அரை மணி நேரம். பின்னால் நின்ற இரண்டு பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். போகட்டும்.

ஜனவரி 31, சனி

நாளை பூசம். நிற்க நேரமில்லை. சுருக்கமாக இரண்டு.

மார்க்கெட் லோடுமேன் ஒருவர் இந்த மாதத்தில் மூன்றாவது முறையாக இருமல் டானிக் கேட்டார். கொடுக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனைதான் முதலில். சாயங்காலக் காய்ச்சலும் உண்டாம், எடையும் குறைந்திருக்கிறது. அரசு ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி அனுப்பினேன். காசநோய் என்றால் மருந்து முழுக்க இலவசம், சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாயும் கணக்கில் வரும் என்றதும்தான் போகச் சம்மதித்தார். கூலி போய்விடும் என்ற பயம் அவருக்கு.

இளைப்புக்காக மருந்து வாங்கும் பாட்டி, கருவியில் வைத்து உறிஞ்ச வேண்டிய ரோட்டாகேப்பை மாத்திரை மாதிரித் தண்ணீரில் விழுங்கிக்கொண்டிருக்கிறார். கருவி எங்கே என்றால், பேரன் விளையாட எடுத்துக்கொண்டானாம். மருந்து போடாத ஒரு கருவியை வைத்து உறிஞ்சிப் பழக்கினேன். உறிஞ்சி, பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடித்து, பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். கொப்பளிக்காவிட்டால் அதிலிருக்கும் ஸ்டீராய்டு நாக்கில் வெள்ளைப் புண்ணை உண்டாக்கும்.

பிப்ரவரி 2, திங்கள்

கூட்டம் வடிந்துவிட்டது. சாலையெல்லாம் பாக்கு மட்டைத் தட்டு. சிராய்ப்பும் கொப்புளமுமாகத் திரும்பி வருபவர்கள். சுகர் உள்ளவர்களுக்குக் கொப்புளத்தைக் குத்திவிட வேண்டாம் என்பதையே நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தெரிந்த வீட்டுப் பையன், வயது இருபத்திரண்டு இருக்கும். அல்பிரசோலம் ஒரு அட்டை வேண்டும், அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை என்றான். சீட்டு இல்லை. அந்த மருந்து எச்1 பட்டியலில் உள்ளது. 2014 மார்ச்சிலிருந்து அந்தப் பட்டியல் மருந்துகளை எழுதிய டாக்டர், வாங்கியவர், எத்தனை என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். "தெரிஞ்சவங்கதானே அக்கா" என்று கோபித்துக்கொண்டு போனான். தெரிந்தவன் என்பதால்தான் கொடுக்கவில்லை. மாலையில் அவன் அம்மாவை வீட்டிலேயே போய்ப் பார்த்தேன். அவருக்குத் தூக்கமின்மை உண்மைதான். மகனைப் பற்றிய கவலையும் உண்மைதான். இருவரையும் நாளை டாக்டரிடம் அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஆண்டிபயாடிக் "ரெண்டே ரெண்டு" கேட்டவர்கள் இன்று நாலு பேர். ஒருவருக்கும் கொடுக்கவில்லை. ஜலதோஷத்துக்கு அது எதற்கும் உதவாது. உண்மையான தொற்று வரும் நாளில் மருந்து கேட்காத கிருமியைத்தான் அந்த இரண்டு மாத்திரை வளர்த்துவிடுகிறது.

பிப்ரவரி 5, வியாழன்

குழந்தை வந்தது! திண்டுக்கல்லில் மாற்று மருந்து ஏற்றினார்களாம். கல்லீரல் பரிசோதனை மூன்றாம் நாளே சரியாக வந்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண்ணிடம் மில்லி குறித்த ஒரு ஊசிக்குழல் கொடுத்தேன், எந்தச் சிரப் வாங்கினாலும் அதில்தான் அளக்க வேண்டும் என்று. கள்ளிமந்தயம் அப்பாருக்கு எழுந்து நின்றாலும் இப்போது 122.

இந்திய பார்மசி கவுன்சிலின் மருந்தக நடைமுறை விதிகள் 2015-லேயே வந்துவிட்டன. மருந்தை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று நோயாளிக்கு விளக்குவது பதிவு பெற்ற மருந்தாளுநரின் கடமை என்று அதில் இருக்கிறது. சீட்டுப்படி மருந்து எடுத்துக் கொடுக்க மற்றவர்களுக்கு அனுமதியில்லை என்று 1948-ம் ஆண்டுச் சட்டத்தின் 42-வது பிரிவு சொல்கிறது. சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு ஆள் வேறெங்கோ இருக்கும் கடைகளை நான் மன்னிக்கத் தயாரில்லை. இந்த இரண்டு வாரத்தில் வந்தவர்களில் பாதிப் பேருக்கு வியாதியால் வந்த ஆபத்து இல்லை, மருந்தால் வந்த ஆபத்து. எடுத்துக் கொடுக்கும் இடத்தில் கேட்க ஒருவர் நின்றிருந்தால் அது நடந்திருக்காது.

சாயங்காலம் கடை வாசலில் ஒரு அட்டை எழுதி மாட்டினேன்:

‘வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் ஒரே பையில் போட்டு எடுத்து வாருங்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்தது, வேறு கடையில் வாங்கியது, நாட்டு மருந்து, சத்து மாத்திரை எல்லாமும். பார்த்துச் சொல்வதற்குக் காசு வேண்டாம். எந்தக் கடைக்குப் போனாலும் மருந்தாளுநர் யார் என்று கேட்டு, அவர் கையால் வாங்குங்கள்.’